பாதியில் நிறுத்திய எலிப்பொறிக் கதை

மச்சான்,

நேற்றுக் காலை கிரில்லில் உருகிய சீஸின் வாசனை இன்னும் என் சமையலறையை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் பார்த்துவிட்டேன். மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷன் பக்கமிருந்து மழைக்காற்று வந்து திரைச்சீலையை நனைத்ததுதான் மிச்சம். கருகிய ஓரத்தின் நெடியும் அதற்கடியில், பிரெட்டில் தடவுகிற அந்தக் கறுப்புப் பசை மார்மைட்டின் உப்பு வாடையும் அப்படியே நிற்கின்றன. "ரோட்டுக்கு ஊத்த வேண்டிய தாரைப் போத்திலில அடைச்சு விக்கிறாங்கள் மச்சான், இதை மனுசர் தின்னுறதோ?" என்று நீ மார்மைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து, தனியாக நின்று சிரித்தேன்.

நேற்று உன்னுடைய முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. பாதி டைல்ஸ் பதித்த யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை என்று போன் வந்து, அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு, ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும் என்றார்கள். நான் மவுஸ்ட்ராப் செய்து எடுத்துப் போனேன். உன் பெயரில் வேறு என்ன செய்து எடுத்துப் போவது?

இரண்டு நாள் முன்னால் உன் மகள் ஷெரின் போன் செய்திருந்தாள். பதினாறு வயதாகிவிட்டது அவளுக்கு. வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் பேசினாள். "அங்கிள், சாப்பாட்டு நேரத்துல அப்பாவோட எலிப்பொறிக் கதையை நீங்க சொல்லணும். அவர் சொல்ற மாதிரியே" என்பது அவள் கேட்டதன் சாரம். சரி என்றேன். போனை வைக்கும் முன்னால் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். அம்மாவும் வருகிறாளாம்.

ஷெரினின் அம்மா நம் ஆட்களுடைய எந்த விசேஷத்துக்கும் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. சாண்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் ஒரு முறை என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போனவள். அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லாக் கதையையும் விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதையின் முழு வடிவமும் தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான். நீ போய்விட்டாய். அதனால் அதை முழுசாக நினைத்துப் பார்க்கவும் பேசவும் உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அப்போது நாம் சாண்ட்ரிங்ஹாமில் அந்தப் பழைய மரவீட்டைப் பங்கு போட்டு வாடகைக்கு இருந்தோம். ஷெரினுக்கு ஏழு வயது, நீயும் அவள் அம்மாவும் பிரிந்த புதிது. கரூர்க்காரன் நான் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதேன். மன்னார்க்காரன் நீ முழங்காலில் நின்று டைல்ஸ் பதித்துவிட்டு வந்து, சாயங்காலம் அதே முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருவாய். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாலில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில், பிள்ளையின் மாமன்காரன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மகளோடு இரண்டு மணி நேரம். அதுதான் உனக்குக் கிடைத்திருந்தது. "பிள்ளை சிப்ஸைத் தின்னுறாள், நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன், அவன் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்" என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

சமரசம் பேச உட்கார்ந்த இடத்தில் அவள் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு வாக்கியம் உனக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. "இவருக்குப் பள்ளிக்கூட நோட்டீசையே வாசிச்சு விளங்காது. பிள்ளையை எப்பிடித் தனியப் பார்ப்பார்?" அவள் மருந்துக் கடையில் வேலை செய்பவள், ஆங்கிலம் நன்றாக வரும். உனக்கு வராது என்பதும் உண்மைதான். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

எப்படியோ கடைசியில் இறங்கி வந்தாள். ஒரு சனிக்கிழமை, மதியத்திலிருந்து ஐந்து மணி வரை, பிள்ளை உன் வீட்டுக்கு வரலாம், மாமன் காவல் இல்லாமல். சரிவராவிட்டால் பழையபடி மால்தான். நீ அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. சுவர் கழுவினாய், திரைச்சீலை துவைத்தாய், என் செருப்பைக்கூடக் கழுவி வெயிலில் வைத்தாய்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், நீ சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அடுப்புக்கு அடியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாய். எழுந்த முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"இந்த வீட்டில எலி ஓடுதெண்டு ஆர் அவளுக்குச் சொன்னது? நீ எப்பவாவது கண்டனியே?"

"எலியா? இங்க ஏதுடா எலி?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். தாயின் நம்பரிலிருந்து முந்தைய நாள் வந்த மெசேஜ். சனிக்கிழமைக்கு மவுஸ்ட்ராப்ஸ் ப்ளீஸ், டாடி. கடைசியில் ஒரு இதயம்.

"பிள்ளையிட பேரில தாய் எழுதியிருக்கிறா. என்ர வீடு ஊத்தையாம். எலிப்பொறி வச்சால்தான் பிள்ளையை அனுப்புவாவாம். வை எண்டால் வைக்கிறன். நாலு வாங்கி வச்சிட்டன். இனி என்ன சொல்லுவா பாப்பம்."

பலகையில் கம்பிச் சுருள் அடித்த பொறி. ஒவ்வொன்றிலும் சீஸ் துண்டு வேறு வெட்டி வைத்திருந்தாய். நான் மெசேஜை இன்னொரு தடவை படித்தேன். அந்த இதயம்தான் என்னவோ போல் இருந்தது. பொறி வை என்று மிரட்டுகிறவர்கள் இதயமா போடுவார்கள்? அப்புறம்தான் எனக்கு என் ஆபீஸ் டீ நேரம் ஞாபகம் வந்தது. ஓய்வு பெறப்போகிற ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டிலிருந்து ஒரு தட்டு கொண்டுவந்து, ஒரு மவுஸ்ட்ராப் எடுத்துக்கோ என்று நீட்டியிருந்தார். பிரெட் துண்டு. அதன்மேல் மார்மைட், அதன்மேல் சீஸ், மேலே மூடி போடாமல் சூட்டில் வாட்டியது.

"டேய், அது சாப்பாடுடா!" என்று கத்தினேன். "இந்த ஊர்ப் பிள்ளைங்க சாப்பிடறது. சீஸ் வெச்ச ரொட்டிக்கு அவங்க வெச்ச பேரு அது. உன் பொண்ணு பசிக்கு ஏதோ கேட்டிருக்காடா!"

நீ அப்படியே நின்றாய். உன் கோபம் முழுக்க இறங்கி, அந்த இடத்தில் பயம் ஏறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மச்சான், விளங்காதவன் எண்டு அவ சொன்னது சரிதானே" என்றாய். சுவர்க் கடிகாரத்தில் மதியத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

நான் தெருமுனையில் டெய்ரி என்கிற சின்னக் கடைக்கு ஓடினேன். வரும் வழியிலேயே அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் செய்முறை கேட்டேன். பிரெட்டை ஒரு பக்கம் மட்டும் முதலில் வாட்டு, வாட்டாத பக்கத்தில் மார்மைட்டை மெல்லிசாகத் தடவு, சீஸைத் துருவிக் குவி, ஓரம் வரைக்கும் பரப்பு, இல்லையென்றால் ஓரம் கருகும். கடைசியாக, கிரில் முன்னாலிருந்து நகராதே என்று இரண்டு தடவை சொன்னார். மேலே பேக்கன் போட வேண்டும் என்றதும் நீ என்னைப் பார்த்து, "நீ சைவம். உனக்காகப் பண்டியை விடுறன், வெங்காயத்தைப் போடுவம்" என்றாய். அவ்வளவு பதற்றத்திலும் அதை யோசித்தவன் நீ.

நான் பொறிகளைச் சேகரித்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒன்று, கதவோரம் ஒன்று. "எல்லாம் எடுத்தாச்சா?" என்றேன். "ஓம் ஓம், எடுத்தாச்சு" என்றாய், துருவுகிற கையை நிறுத்தாமல். எனக்கு எங்கோ இடித்தது. ஆனால் அதற்குள் நீ தட்டைக் கிரில்லில் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடிவிட்டாய், கார் வருகிறதா என்று பார்க்க. நகராதே என்ற ஒரே ஒரு விதி இருந்தது. அதைத்தான் முதலில் மீறினாய்.

புகை வந்தது. அடுத்த நொடி கூரையிலிருந்த அலாரம் அலறியது. நீ நாற்காலிமேல் ஏறி டவலை வீசுகிறாய், நான் கரிக்கட்டைகளைத் தொட்டியில் கொட்டுகிறேன், அந்த நேரம் பார்த்து வாசல் மணி. வாசல் கேட்டிலேயே பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்திருந்தோம். அலாரச் சத்தம் அவளை உள்ளே இழுத்து வந்துவிட்டது.

"என்ன எரியுது?"

"ஒண்டுமில்லை. பாண் கொஞ்சம் கருகினது."

அவள் புகையைப் பார்த்தாள், நாற்காலிமேல் நின்ற உன்னைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், "ஷெரின், சப்பாத்தைப் போடு. போவம்" என்றாள். நீ நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. ஒரு வாரமாகத் துவைத்துக் கழுவிய வீடு, பிள்ளை வாசலைத் தாண்டி இரண்டு அடி வைக்கும் முன்னால் உன் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லேன்டா என்று எனக்குள் கத்தினேன்.

பிள்ளைதான் மூக்கை உறிஞ்சியது. அது மவுஸ்ட்ராப்ஸா என்று கேட்டுக்கொண்டே, சப்பாத்தைக் கழற்றிய வெறுங்காலோடு சமையலறைக்குள் ஓடி வந்தது. நேராக அடுப்பை நோக்கி. அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். அடுப்புக்கு அடியிலிருந்து பலகையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலாவது பொறி. பிள்ளையின் கால் விரல்கள் அதற்கு ஒரு சாண் தூரத்தில். நீ எப்படி இறங்கினாய், எப்படி விழுந்தாய் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. காலுக்கும் பொறிக்கும் நடுவில் உன் கை போனது. டப்!

நீ கத்தக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஷெரின், பாத்ரூமில பிளாஸ்டர் இருக்கு, எடுத்துக்கொண்டு வாங்கோம்மா" என்றாய். பிள்ளை ஓடியது. உன் விரலில் பொறி தொங்கிக்கொண்டிருந்தது. சீஸ் துண்டு மட்டும் தரையில் கிடந்தது.

"எலி கிடக்கே இந்த வீட்டில?" என்றாள் அவள்.

இங்கேதான் நீ பொய் சொல்வாய் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். நீ தரையில் உட்கார்ந்தபடியே, "இல்லை. பிள்ளை மவுஸ்ட்ராப் கேட்டவள். எனக்கு விளங்கேல்லை. பொறி எண்டு நினைச்சு வாங்கினனான். நீர் சொன்னது சரி" என்றாய்.

குளியலறையில் பிள்ளை ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் தொட்டியின் பக்கம் திரும்பி, தட்டைத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் மிகச் சின்னதாகக் கேட்டது.

"நானும்தான்."

"என்ன?"

"போன மாசம் என்னட்டயும் கேட்டவள். நானும் ரெண்டு வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழ வச்சனான். பிறகு இன்னொரு பிள்ளையிட தாய் சொல்லித்தான் விளங்கினது. கராஜில கிடக்கு. பிள்ளைக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நீயும் சிரித்திருக்கலாம். உனக்கு நோட்டீஸ் வாசிக்கத் தெரியாது என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள். அதற்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல ஆயுதம் உனக்கு எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. நீ சிரிக்கவில்லை.

"சொல்ல மாட்டன்" என்றாய்.

"நீங்களோ? உங்கட வாயோ?"

"என்ர கதையைச் சொல்லுவன். உம்மட கதை உம்மட."

பிளாஸ்டர் வந்தது. இரண்டாவது தட்டைக் கிரில்லில் வைத்து, கட்டுப்போட்ட விரலோடு அதன் முன்னாலேயே நின்றாய். அவளும் போகவில்லை, உட்காரவும் இல்லை. சீஸ் கொப்புளம் விட்டுப் பொன்னிறமானதும் நீ எடுத்து நீளத் துண்டுகளாக வெட்டினாய். பிள்ளை வாய் சுட்டுக்கொண்டே தின்றது. அவள் நின்றபடியே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "அஞ்சு மணிக்கு வாறன்" என்று போனாள். கார் கிளம்பிப் போகும் வரை நீ மூச்சு விட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மாலுக்குப் போக வேண்டி வரவே இல்லை.

உன் வாயைப் பற்றி அவள் பயந்ததில் தப்பில்லை. கிறிஸ்மஸ் கூட்டம், பிறந்தநாள், வேலைத்தளத்து டீ நேரம், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையை அவிழ்த்துவிடுவாய். தரையில் குப்புறப் படுத்துக் காட்டுவாய். அலாரம்போலக் கத்துவாய். "டப்!" என்று கறுத்த நகத்தைத் தூக்கிக் காட்டுவாய், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டு பீர் உள்ளே போன நாளில், கைதட்டல் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருக்கிற நாளில், இவன் மீதியைச் சொல்லிவிடுவான் என்று பயப்படுவேன். மீதியையும் சொன்னால் சிரிப்பு இரண்டு மடங்காகும். அது உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவாய். என்னிடம்கூட அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுக்கோ, நீ எலிப்பொறிக் கதை சொல்கிறாய் என்பது மட்டும்தான் யார் யார் மூலமோ காதில் விழுந்திருக்கிறது. எங்கே நிறுத்துகிறாய் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துத்தான் அவள் எங்கேயும் வராமல் இருந்தாள். நேற்று மண்டபத்தில் அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது விளங்கியது.

மண்டபத்தின் கடைசியில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷெரின் முன்வரிசையில். நான் எழுந்து ஆரம்பித்தேன். உன்னைப்போல எனக்குப் படுத்துக் காட்ட வராது, உன் பேச்சும் வராது. இருந்தாலும் கூட்டம் சிரித்தது. அலாரம் வரைக்கும் வந்தேன். அவள் கை பையின் வாரைச் சுற்றிக்கொண்டது. வெறுங்கால் வரைக்கும் வந்தேன். அவள் எழுந்து நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். "டப்!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவ்வளவுதானோ?"

"ஆமாங்க. அவ்வளவுதான்."

"அவர் எப்பவும் இதிலயோ நிப்பாட்டுறவர்?"

நான் வாயைத் திறப்பதற்குள், உன்னோடு டைல்ஸ் வேலை செய்த பெரியவர், எதுவும் தெரியாமல், வாயில் மீன் ரோலோடு பதில் சொன்னார். "ஓம் பிள்ளை, நூறு தரம் கேட்டிருப்பம். அதிலதான் முடியிறது. விரலைக் காட்டுவான், முடிஞ்சுது."

அவள் அந்தப் பெரியவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றினாள்.

"அது பாதிக் கதை" என்றாள். "மிச்சம் என்னட்ட இருக்கு."

சொன்னாள், மச்சான். கட்டில், கராஜ், எல்லாம் சொன்னாள். உன்னைப்போல நடித்துக் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள்போலச் சொன்னாள். முதலில் யாருக்கும் சிரிக்கத் துணிவு வரவில்லை. ஷெரின்தான் திரும்பிப் பார்த்து, "மம், யூ டூ?" என்றாள். அவ்வளவுதான், மண்டபமே வெடித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "நான் சொல்லாதேங்கோ எண்டனான்... அந்த மனுசன் சொல்லவே இல்லை" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஷெரின் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் வெளியே போய் மழையில் நின்றேன். நீ இல்லாமல் போனது நேற்றுத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

இன்று காலை, நேற்று வர முடியாத நண்பர் ஒருவர் போன் செய்து, எலிப்பொறிக் கதையைத் தனக்கும் சொல்லச் சொன்னார். இனி மறைக்க ஒன்றுமில்லை, முழுசாகவே சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். "டப்!" வந்ததும் என் வாய் தானாக நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் வரவில்லை.

"பிறகு?" என்றார் அவர்.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க" என்றேன்.